மூன்றாம் நாளே படுத்துவிட்ட ஸ்டெஃபான்சன்: முழு இறைச்சி டயட்டின் முன்னோடி உண்மையில் என்ன செய்தார்?

1928 பிப்ரவரி மாதம். நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையில் 48 வயது மனிதர் ஒருவர் சேர்க்கப்பட்டிருக்கிறார். அவருக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் ரொட்டி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, காய்கறி, பழம், சர்க்கரை, பால் எதுவுமே கிடையாது. எல்லா வேளைக்கும் கறி மட்டும்தான். அதிலும் டாக்டர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முதல் சில நாட்களுக்கு, கொழுப்பைத் துளியும் இல்லாமல் நீக்கிய கறியைத்தான் அவர் சாப்பிட வேண்டும்.

மூன்றாம் நாளே ஆள் படுத்துவிட்டார். வயிற்றுப்போக்கு, இன்னதென்று சொல்ல முடியாத ஓர் அவஸ்தை. எவ்வளவு தின்றாலும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் அவர் இதற்குப் புதியவர் இல்லை. ஆர்க்டிக் பனியில், தன் கணக்குப்படி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இறைச்சியையும் மீனையும் மட்டுமே தின்று வாழ்ந்தவர். பெயர் வில்யால்மர் ஸ்டெஃபான்சன். இன்று கீட்டோ, பேலியோ, கார்னிவோர் என்று விதவிதமான பெயர்களில் பேசப்படும் உணவுமுறைகளின் ஆதரவாளர்கள் மறக்காமல் மேற்கோள் காட்டும் பெயர். ஒரு வருஷம் முழுக்கக் கறியை மட்டுமே சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் சோதனை செய்துகொண்டு, நலமாக வெளியே வந்தவர் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. அது உண்மைதான். ஆனால் அந்த உணவுக்குள் அவர் எப்படி நுழைந்தார், யார் கைபிடித்து அழைத்துப்போனார்கள் என்ற பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அது விடுபட்டதால் சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

மீனே பிடிக்காத ஆள்

ஸ்டெஃபான்சன் பிறந்தது 1879 நவம்பரில், கனடாவின் மானிடோபா மாகாணத்தில். பெற்றோர் ஐஸ்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வந்த இடத்தில் வெள்ளமும் வறுமையும் துரத்த, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். பிறகு குடும்பம் எல்லை தாண்டி அமெரிக்காவின் டகோட்டா பகுதிக்குப் போனது. அங்கேதான் வளர்ந்தார். முதலில் வில்லியம் ஸ்டீஃபன்சன் என்றிருந்த பெயரை, கல்லூரி நாட்களில் ஐஸ்லாந்து முறைப்படி மாற்றிக்கொண்டார். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அயோவாவில் பட்டம் வாங்கி, ஹார்வர்டுக்குப் போனார். முதலில் மதவியல், பிறகு மானுடவியல். 1904, 1905 ஆண்டுகளில் ஐஸ்லாந்து போய் வந்தார். அங்கே பழைய இடுகாட்டு மண்டையோடுகளைப் பார்த்தபோது, தானியம் அதிகம் கிடைக்காத அந்தக் கால மக்களின் பற்களில் சொத்தையே இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. உணவு பற்றிய ஆர்வம் அங்கேதான் துளிர்விட்டது.

1906-ல் ஓர் ஆர்க்டிக் பயணத்தில் சேர வாய்ப்பு வந்தது. மற்றவர்கள் கப்பலில் போக, இவர் மட்டும் மெக்கன்சி ஆற்றின் வழியே வடக்கே போய், ஹெர்ஷல் தீவில் கப்பலுக்காகக் காத்திருப்பது என்று ஏற்பாடு. கப்பல் வரவே இல்லை. அது மேற்கே ஃப்ளாக்ஸ்மன் தீவுப் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டது. கையில் போதுமான உணவும் இல்லை, குளிர்காலத்துக்கான உடையும் இல்லை. ஒரே வழி, மெக்கன்சி முகத்துவாரத்தில் வாழ்ந்த இனுயிட் மக்களின் வீட்டில் விருந்தாளியாகப் போய் உட்காருவது. அப்போது எல்லோரும் அவர்களை எஸ்கிமோ என்றுதான் அழைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். அந்த வீடுகளில் குளிர்காலச் சாப்பாடு மீன், மீன், மீன் மட்டுமே. ஸ்டெஃபான்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் ஆகாது.

அடுத்த நாலு மாதம் அவருக்கு நடந்ததுதான், இந்த உணவுமுறைக்குள் எப்படிப் போவது என்பதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான பதிவுகளில் ஒன்று. பிற்காலத்தில் 1935-36-ல் ஹார்பர்ஸ் மாத இதழில் எழுதிய தொடர் கட்டுரையில் அதை அவரே விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் மீனை வேகவைத்துத் தின்றார்கள், அல்லது உறைந்ததைப் பச்சையாகத் தின்றார்கள். விருந்தாளி முகம் சுளிப்பதைப் பார்த்த வீட்டுப் பெண்கள், அவருக்காகத் தனியாக மீனைச் சுட்டுக் கொடுத்தார்கள். அதையும் அவர் கொறித்தார், அவ்வளவுதான். பகலெல்லாம் வெளியே நீண்ட தூரம் நடந்துவிட்டு, நல்ல பசியோடு திரும்பி வந்து உட்காருவது அவர் கண்டுபிடித்த முதல் தந்திரம். பசி வேலை செய்தது. சுட்ட மீன் பழகியது. சில வாரங்களில் வேகவைத்த மீனும் இறங்க ஆரம்பித்தது. அப்புறம் மீன் தலை. அந்த வீடுகளில் தலைதான் சுவையான பாகம். செல்லக் குழந்தைகளுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது பச்சை மீன். கல்லாக உறைந்து கிடக்கும் மீனைக் காலையில் உள்ளே கொண்டுவந்து, ஐஸ்கிரீம் பதத்துக்கு இளகும்வரை விட்டு, பெண்கள் கத்தியால் தோலை இழுத்து உரித்துக் கொடுப்பார்கள். முதலில் அருவருப்பு. பிறகு வேகவைத்ததைவிட இதுவே மேல் என்று தோன்ற ஆரம்பித்தது. கடைசிப் படி, கோடையில் பிடித்துச் சேமித்து, நாறிப்போன பழைய மீன். அதைக் குழம்பும் இல்லாமல் உப்பும் இல்லாமல் தின்பதை நினைத்தாலே நமக்குக் குடல் புரளும். அவருக்கும் புரண்டது. ஐரோப்பியக் கனவான்கள் நாற்றமடிக்கும் பாலாடைக் கட்டியை ருசித்துத் தின்கிறார்களே, அது மட்டும் எப்படி நாகரிகம் ஆயிற்று என்று தனக்குத்தானே வாதாடி ஒருநாள் அதையும் தின்றார். பிடித்தும் போனது.

உப்பு விஷயம் இன்னும் சுவாரசியம். உப்பில்லாமல் மனிதன் வாழவே முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். ஏங்கினார். அவர் தவிப்பதைப் பார்த்து, எங்கிருந்தோ கொஞ்சம் உப்பைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் வேளை ஆசையாகத் தூவிச் சாப்பிட்டார். அடுத்த வேளை, சாப்பாடு முடியும் தறுவாயில்தான் பக்கத்தில் உப்பு இருக்கும் நினைவே வந்தது. அதற்குப் பிறகு தொடவில்லை.

இந்த முதல் குளிர்காலத்தில் அவர் எதையும் நிரூபிக்கக் கிளம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேறு சாப்பாடு இல்லை, சாப்பிட்டார். சமைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். எந்தப் பாகத்தைத் தின்ன வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தது. துருவக் கரடியின் ஈரலைத் தொட மாட்டார்கள். அதில் உள்ள அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ மனிதனுக்கு விஷம் என்று விஞ்ஞானம் சொன்னது வெகுகாலம் கழித்து.

முயல் தின்று பட்டினி

1908-ல் மீண்டும் வடக்கே போனார். விலங்கியலாளர் ருடால்ஃப் ஆண்டர்சனுடன் சேர்ந்து நான்கு ஆண்டுப் பயணம். இந்த முறை திட்டமே, உணவைச் சுமந்து போகாமல் வேட்டையாடித் தின்று வாழ்வதுதான். வேட்டைத் துணைக்கு நட்குசியாக் என்ற இனுயிட் இளைஞர். தோலைப் பதப்படுத்தி உடை தைக்கவும், சமைக்கவும், பனியில் குடும்பம் நடத்தவும் ஃபேனி பானிகப்லுக் என்ற பெண். 1910-ல் அவருக்கும் ஸ்டெஃபான்சனுக்கும் அலெக்ஸ் என்ற மகன் பிறந்தான். அந்த மகனை ஸ்டெஃபான்சன் கடைசிவரை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருடைய புத்தகங்களில் பானிகப்லுக் வேலைக்காரத் தையல்காரியாகத்தான் வருகிறார். ஸ்டெஃபான்சன் வடக்கில் உயிரோடு இருந்ததற்கு அந்தப் பெண்ணின் ஊசியும் கத்தியும் எவ்வளவு காரணம் என்பதை நினைத்தால், இது சின்னக் குறை இல்லை.

இந்த ஆண்டுகளில் அவர் கற்ற மிக முக்கியமான பாடம் கொழுப்பு. வடக்கே காட்டில் வாழ்ந்த மக்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முயல் கறி மட்டும் தின்றால் வயிறு வீங்கத் தின்றாலும் பசி அடங்காது. ஒரு வாரத்தில் முன்னைவிட மூன்று, நாலு மடங்கு தின்பார்கள். அப்படியும் பேதி, சோர்வு, தலைவலி. ஆள் செத்தே போகலாம். இதற்கு முயல் பட்டினி என்றே பெயர். முயலில் கொழுப்பு கிடையாது என்பதுதான் காரணம்.

இதன் பின்னணி எளிமையானது. புரதத்தை எரிசக்தியாக மாற்றும்போது வெளிப்படும் நைட்ரஜன் கழிவை, ஈரல் யூரியாவாக மாற்றி வெளியே தள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஈரலுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. ஒரு நாளைய கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் புரதத்திலிருந்தே எடுக்கப் பார்த்தால் உடம்பு திணற ஆரம்பிக்கும். மாவுச்சத்து இல்லை என்றால் மீதி சக்தி கொழுப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. அதனால்தான் வடக்கில் கரிபு மான் ஒன்று வீழ்ந்தால், முதலில் கை போவது முதுகுக் கொழுப்புக்கும், எலும்பு மஜ்ஜைக்கும், தலைக்கும், சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்கும். நாம் ஆசைப்படும் சதைக் கறி பெரும்பாலும் நாய்களுக்குப் போகும். ஸ்கின்லெஸ் கோழி நெஞ்சுக்கறியை மட்டும் தின்றுகொண்டு, அரிசியையும் நிறுத்திவிட்டு, ஏன் இப்படித் தலை சுற்றுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு முயல் வேட்டைக்காரர் உடனே பதில் சொல்லியிருப்பார்.

கப்பலும் கூட்டாளிகளும்

1913-ல் கனடா அரசின் ஆதரவோடு பெரிய ஆர்க்டிக் பயணம். தலைமை ஸ்டெஃபான்சன். முதன்மைக் கப்பல் கார்லுக், ஆகஸ்டிலேயே பனியில் சிறைப்பட்டது. செப்டம்பரில் அவர் சிலரை அழைத்துக்கொண்டு கரிபு வேட்டைக்கு என்று கரை இறங்கினார். அடித்த புயலில் கப்பல் பனியோடு நகர்ந்து போய்விட்டது. 1914 ஜனவரியில் அது நசுங்கி மூழ்கியது. பிழைத்தவர்கள் ரேங்கல் தீவில் ஒதுங்க, கேப்டன் ராபர்ட் பார்ட்லெட் கட்டாக்டோவிக் என்ற இனுயிட் இளைஞரோடு பனிமேல் நடந்து சைபீரியா போய் உதவி கேட்டார். மீட்புக் கப்பல் வருவதற்குள் பதினொரு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தலைவர் கப்பலைக் கைவிட்டுப் போனார் என்ற பழி ஸ்டெஃபான்சனை விட்டு நீங்கவே இல்லை.

அவரோ அந்த நேரத்தில் வேறொரு கணக்கில் இருந்தார். 1914 மார்ச்சில் ஸ்டார்கர் ஸ்டார்கர்சன், ஓலே ஆண்ட்ரியாசன் என்ற இருவரோடு, சில நாய்களோடு, அலாஸ்கா கரையிலிருந்து உறைந்த கடல்மேல் வடக்கே நடந்தார். கொண்டுபோன உணவு தீர்ந்தபிறகு சீல் வேட்டை. கறி சாப்பாடு, கொழுப்பு சாப்பாடும் அடுப்பு எரிபொருளும். மூவரும் செத்துவிட்டார்கள் என்றே உலகம் முடிவு கட்டியது. கோடையில் பேங்க்ஸ் தீவில் ஆரோக்கியமாகக் கரையேறினார்கள். அடுத்த ஆண்டுகளில் வரைபடத்தில் இல்லாத பல தீவுகளைக் கண்டார். 1918 வரை அந்தப் பயணம் நீண்டது.

புதிய ஆட்களைக் கறி உணவுக்குப் பழக்குவது அவருக்கு அப்போது அன்றாட வேலை. முதல் சில நாட்கள் புதுமையில் ஓடிவிடும், அடுத்த சில வாரங்கள்தான் நரகம் என்பது அவர் கண்டது. ரொட்டி, சர்க்கரை, புகையிலை நினைப்பு விடாது. உடம்பு சொன்னபடி கேட்காது. பிறகு மெல்ல மெல்லச் சரியாகும், சில மாதம் கழித்து அதுவே பிடித்துப்போகும். இளையவர்கள் சீக்கிரம் பழகினார்கள், வயதானவர்கள் முரண்டு பிடித்தார்கள். நாய்களிடமும் இதே கதைதான். ஒரே வகை உணவில் வளர்ந்த நாய், புதுக் கறியைப் போட்டால் பட்டினி கிடந்தாவது மறுக்கும். மனிதர், நாய் இரு தரப்பின் உணவுப் பிடிவாதங்களைப் பற்றி 1920-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

இவர் மட்டும் பார்த்ததல்ல இது. 1878 முதல் 1880 வரை வடக்கே பயணம் போன அமெரிக்க ராணுவ அதிகாரி ஃப்ரெடரிக் ஷ்வாட்காவும், வெறும் மான் கறிக்கு மாறிய முதல் இரண்டு மூன்று வாரம் கடும் நடைக்கு உடம்பில் தெம்பில்லாமல் போவதையும், பிறகு அது தானாக நீங்குவதையும் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இன்று இதைக் கீட்டோ ஃப்ளூ என்கிறார்கள். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பில் சேமித்த கிளைக்கோஜன் தீர்கிறது. அதோடு பிணைந்த தண்ணீரும், கூடவே உப்பும் சிறுநீரில் போய்விடுகின்றன. முதல் வாரத்தில் எடை மடமடவென்று குறைவதாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். மூளையும் தசையும் கொழுப்பையும் அதிலிருந்து வரும் கீட்டோனையும் எரிக்கப் பழக நாட்கள், வாரங்கள் ஆகும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

1917-ல் பயணக் குழுவில் சிலருக்கு ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கி, மூட்டு வலித்து, மனம் சோர்ந்துபோகும் நோய். கப்பல்காரர்களின் எமன். அவர்கள் வேட்டைக் கறியை ஒதுக்கிவிட்டு, சேமிப்பில் இருந்த மளிகையையும் டப்பா உணவையும் தின்றவர்கள். பழமும் எலுமிச்சையும் இல்லாத இடத்தில் ஸ்டெஃபான்சன் கொடுத்த மருந்து, பச்சையான கரிபுக் கறி. சில நாட்களிலேயே தேறினார்கள். புதிய, வேகாத அல்லது லேசாக வெந்த கறியில் வைட்டமின் சி கொஞ்சம் உண்டு. ஈரலிலும் திமிங்கிலத் தோலிலும் அதிகம் உண்டு. நெடுநேரம் வேகவைத்தாலோ டப்பாவில் அடைத்தாலோ அது அழிந்துவிடும். அந்த வைட்டமின் என்ன பொருள் என்றே 1932 வரை யாருக்கும் தெரியாது. ஆனால் பச்சை மீனைத் தோலுரித்துக் கொடுத்த பெண்களுக்கு முறை தெரிந்திருந்தது.

ஸ்கர்வியிலிருந்து தேறியவர்களில் லார்ன் நைட் என்ற திடகாத்திரமான இளைஞரும் ஒருவர்.

சிநேகமில்லாத தீவு

1921-ல் ஸ்டெஃபான்சனின் 'தி ஃப்ரெண்ட்லி ஆர்க்டிக்' வெளியானது. ஆர்க்டிக் சிநேகமான இடம், துப்பாக்கியும் புத்தியும் இருந்தால் யாரும் அங்கே வாழலாம் என்பது அதன் சாரம். துருவப் பயணத்தில் பழம்தின்று கொட்டை போட்ட நார்வேக்காரர் ரோல்டு அமுண்ட்சென், இந்தப் பேச்சை நம்பிப் போகிறவர்கள் செத்துப்போவார்கள் என்று பின்னாளில் கடுமையாகவே எழுதினார். அவர் எழுதியபோது அது நடந்து முடிந்திருந்தது.

அதே 1921-ல், ரேங்கல் தீவுக்கு உரிமை கொண்டாட ஸ்டெஃபான்சன் நான்கு இளைஞர்களை அனுப்பினார். அவர் போகவில்லை. ஆலன் க்ராஃபோர்ட், மில்டன் கேல், கார்லுக் விபத்தில் இதே தீவில் ஒதுங்கிப் பிழைத்த ஃப்ரெட் மாரர், பிறகு லார்ன் நைட். கையில் சுமார் ஆறு மாத உணவு. மீதிக்கு வேட்டை, அடுத்த கோடையில் கப்பல் வரும். வேட்டையாடவும் தைக்கவும் இனுயிட் குடும்பங்களைக் கூட்டிப்போவது என்று திட்டம். கடைசி நேரத்தில் எல்லோரும் விலகிக்கொள்ள, வந்தவர் ஒரே ஒருவர். 23 வயது ஏடா பிளாக்ஜாக். காசநோய் வந்த மகனுக்குச் சிகிச்சை பார்க்கப் பணம் வேண்டும் என்று வந்தவர். மிஷன் பள்ளியில் வளர்ந்தவர். தைக்கத் தெரியும், வேட்டை தெரியாது.

1922 கோடையில் கிளம்பிய கப்பலைப் பனி மறித்தது, திரும்பிப் போனது. தீவில் வேட்டை குறைந்தது. 1923 ஜனவரி இறுதியில் க்ராஃபோர்ட், மாரர், கேல் மூவரும் உதவி தேடிப் பனிமேல் சைபீரியா நோக்கி நடந்தார்கள். பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. நைட் போகவில்லை. அவருக்கு மறுபடியும் ஸ்கர்வி. இந்த முறை பச்சைக் கறி கொடுத்துத் தேற்ற பக்கத்தில் வேட்டைக்காரர் யாரும் இல்லை. ஏடா நரிப்பொறி வைக்கக் கற்றார், துப்பாக்கி சுடத் தானே பழகினார், கிடைத்ததைக் கொடுத்தார். படுக்கையில் கிடந்தபடி நைட் அவரைத் திட்டித் தீர்த்தார். ஜூனில் நைட் இறந்தார். ஏடா தனியாக, பயணக் குழுவின் பூனையோடு, பறவையும் முட்டையும் சீலும் தின்று ஆகஸ்டு வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மீட்புக் கப்பல் வந்தபோது தீவில் உயிரோடிருந்தது அந்த இருவர் மட்டுமே.

இறைச்சி உணவு மனிதனைக் காக்கும் என்பதற்கு உயிருள்ள சாட்சியாக இருந்த நைட், அந்த இறைச்சி கிடைக்காமல் செத்தார். கறி உணவு என்பது ஒரு பட்டியல் அல்ல, அதைப் பிடித்து வந்து, வெட்டி, சரியான பாகத்தைச் சரியான பதத்தில் கொடுக்கும் ஓர் ஊரே அதன் பின்னால் இருக்க வேண்டும். ஸ்டெஃபான்சன் 1906-ல் அப்படி ஓர் ஊருக்குள் போய் உட்கார்ந்தார். நைட்டுக்கு அது கொடுக்கப்படவில்லை. இந்த வித்தியாசத்தை அவர் புத்தகத்தில் பெரிதாக்கவில்லை. 1925-ல் ரேங்கல் தீவைப் பற்றியும் ஒரு புத்தகம் போட்டார்.

பெல்வியூவில் ஒரு வருஷம்

அவர் சொல்லும் கறிக் கதையை டாக்டர்கள் நம்பவில்லை. 1926-ல் கிளாரன்ஸ் லீப் என்ற மருத்துவர் அவரைப் பரிசோதித்து, கறியால் கேடு எதுவும் தெரியவில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். அதன் தொடர்ச்சிதான் பெல்வியூ. ரஸ்ஸல் சேஜ் நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் டுபாய்ஸ் மேற்பார்வை. கூடவே கார்ஸ்டன் ஆண்டர்சன் என்ற டேனிஷ்காரரும் சேர்ந்தார். ஆர்க்டிக்கில் ஸ்டெஃபான்சனோடு இருந்து ஏற்கெனவே பழகியவர். பணம் கொடுத்தது அமெரிக்க இறைச்சித் தொழிலதிபர்களின் அமைப்பு. யார் பணம் என்பதை மனதில் வைத்துக்கொள்வது தப்பில்லை, ஆனால் அளவீடுகள் நேர்மையானவை என்றே இன்றும் கருதப்படுகின்றன.

மூன்றாம் நாள் படுத்தவரை எழுப்பியது மருந்து அல்ல. கொழுப்புள்ள மாட்டுக்கறித் துண்டும், பன்றிக் கொழுப்பில் பொரித்த மூளையும். இரண்டு நாளில் சரியானார். வடக்கே கொழுப்பற்ற கறி ஆளைச் சாய்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அங்கே மெலிந்த மானிலும் கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருக்கும், இங்கே சுத்தமாக வழித்தெடுத்துவிட்டார்கள். அதனால்தான் மூன்றே நாள்.

பிறகு இருவரும் சில வாரம் கண்காணிப்பில் இருந்து, பின் வெளியே வந்து, ஒரு வருஷத்தைப் பூர்த்தி செய்தார்கள். மாடு, ஆடு, பன்றி, கோழி, ஈரல், சிறுநீரகம், மூளை, மஜ்ஜை என எல்லாம் தின்றார்கள். விருப்பம்போல் சாப்பிட விட்டபோது, கலோரியில் முக்கால் பங்குக்குமேல் கொழுப்பிலிருந்து வந்தது. மாவுச்சத்து நாளுக்குச் சுமார் 10 கிராம். ரத்த அழுத்தம் ஏறவில்லை, சிறுநீரகம் பழுதாகவில்லை, ஸ்கர்வி வரவில்லை. வால்டர் மெக்லெலனும் டுபாய்ஸும் 1930-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் சங்கடமான குறிப்புகளும் உண்டு. உடம்புக்குள் போன கால்சியத்தைவிட வெளியேறியது அதிகம். ஸ்டெஃபான்சனுக்குத் தொடக்கத்தில் மலச்சிக்கல்.

இரண்டே பேர், இருவரும் முன்பே பழகியவர்கள், ஒரே ஒரு வருஷம். இருதய நோய்க்கும் குடல் புற்றுநோய்க்கும் பத்து இருபது ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இனுயிட் மக்களைக் காட்டி வாதாடுவதும் அவ்வளவு எளிதல்ல. கொழுப்பைக் கையாளும் மரபணுக்களில் அவர்களிடம் தனி மாற்றங்கள் இருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பழகாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப் போரின்போது விடை கிடைத்தது. உலர்த்திப் பொடித்த கறியையும் கொழுப்பையும் கலந்து செய்யும் பெமிக்கனைப் படைவீரர்களின் அவசர உணவாக்க வேண்டும் என்று ஸ்டெஃபான்சன் ஓயாமல் வலியுறுத்தினார். கனடாவின் குளிரில், அதற்கு முன்பு வழக்கமான ராணுவச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த காலாட்படை வீரர்களுக்குத் திடீரென்று பெமிக்கன் மட்டும் கொடுத்துச் சோதித்தார்கள். சில நாட்களிலேயே அவர்களால் வேலை செய்ய முடியாமல் போனது. ஷ்வாட்கா குறித்துவைத்த அந்த இரண்டு மூன்று வாரத்துக்குப் போர்முனையில் நேரம் ஏது? பெமிக்கன் யோசனை அதோடு எடுபடாமல் போனது.

திரும்பவும் கறிக்கு

பலருக்குத் தெரியாத ஒன்று, ஸ்டெஃபான்சன் வாழ்நாள் முழுக்கக் கறி மட்டும் தின்றவர் அல்ல. நியூயார்க்கில் இருந்த காலத்தில் ஊரோடு ஒத்து எல்லாவற்றையும் சாப்பிட்டார். 1941-ல், தன் 61-ம் வயதில், எவ்லின் பேர்டை மணந்தார். 1946-ல் கறி உணவுக்கு வாதாடும் புத்தகம் எழுதியபோதும் வீட்டில் வழக்கமான சாப்பாடுதான்.

1952-ல் லேசான பக்கவாதம் வந்தது. எடை கூடியிருந்தது, குறைக்கச் சொன்னார்கள். சில ஆண்டுகள் இழுபறிக்குப் பின், பழைய கறி உணவுக்கே திரும்புகிறேன் என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். அப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. எவ்லினுக்கு முதலில் கவலை, இரண்டு பேருக்கு இரண்டு சமையலா என்று. பிறகு அதுவே சுலபம் என்று கண்டார். எடை குறைந்தது, மூட்டு வலி தணிந்தது, மனிதர் உற்சாகமாக இருந்தார் என்று 1956-ல் வந்த 'தி ஃபேட் ஆஃப் தி லேண்ட்' நூலின் முன்னுரையில் எவ்லினே எழுதியிருக்கிறார்.

நியூ ஹாம்ப்ஷையரின் ஹானோவர் ஊரில், தன் நூலகச் சேகரிப்பை ஒப்படைத்த டார்ட்மவுத் கல்லூரிக்குப் பக்கத்தில், 1962 ஆகஸ்டு 26 அன்று மீண்டும் வந்த பக்கவாதத்தில் இறந்தார். வயது 82. மகன் அலெக்ஸின் பிள்ளைகள் மெக்கன்சி முகத்துவாரப் பகுதியிலேயே வளர்ந்தார்கள். ஏடா பிளாக்ஜாக் 1983 வரை வாழ்ந்தார்.